போனை வைக்காத செல்வநாயகி

செல்வநாயகி பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. பாசாரில் மீன்காரனிடம்கூட விரலை நீட்டிக் காட்டுவாள். அவன் விலை சொன்னால் தலையை ஆட்டுவாள். பிடிக்காவிட்டால் ஆட்டாமல் நிற்பாள். அவள் அப்படி நிற்பதைப் பார்க்கச் சங்கடப்பட்டு அவனே விலையைக் குறைப்பான். ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து, அதே வீட்டில் நாற்பத்தொன்பது வயதை எட்டியவள். ஆனாலும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, ஓயாமல் போனில் கதையளப்பவள் என்று 1993ஆம் வருடம் பெயர் வந்தது. அந்தப் பெயரைத் துடைக்க அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

அவளுடைய அப்பா அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். சுற்று வட்டாரத்தில் முதல் போன் அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முப்பத்தெட்டு சேர்ந்து ஒரு மரண உதவிச் சங்கம் வைத்திருந்தன. செத்த வீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆனால் தெரிந்தால்தானே வர முடியும்? அதற்காகச் சங்கம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. துக்க வீட்டுக்காரர் ஒரே ஒரு போன் போட்டால் போதும். மீதி வீடுகள் எல்லாவற்றுக்கும் சொல்வது செல்வநாயகி வீட்டின் பொறுப்பு. அப்பா இருந்தவரை அவர் செய்தார். அவர் கண்ணை மூடிய அன்று செல்வநாயகி சங்கத்து வீடுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் இறந்த செய்தியைத் தானே முப்பத்தேழு வீடுகளுக்கும் சொன்னாள். அன்றிலிருந்து பட்டியல் அவளிடம் இருந்தது. கான்வென்ட் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நின்று, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்து, பிறகு ரவிக்கை தைத்து வாழ்ந்த ஒரு பெண்ணிடம், ஊர் தேடி வந்து ஒப்படைத்த ஒரே வேலை அது.

அந்த வேலைக்கு அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, மணி, யார், பிணத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று நான்கு கட்டம். ஒரு விதியும் வைத்திருந்தாள்: மறுமுனை வைக்கும்வரை இவள் வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு முறை பைராம் தோட்டத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, "அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இவள் வைத்துவிட்டாள். மறுநாள் அவர் வந்து, "வாய் வரலக்கா. சொல்ல முடியாம நின்னேன். நீங்க வச்சிட்டீங்க" என்றார். அவர் கோபித்துச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவள் மறந்திருப்பாள்.

இந்த விதிக்கு எதிரியாக இன்னொரு விதி எங்கோ ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

மெர்பாத்தி ஹாலிடே கிளப் என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு முறை பணம் கட்டினால் வருடத்துக்கு ஒரு வாரம் கடற்கரை ஹோட்டலில் தங்கலாம். அதுவும் இருபத்தைந்து வருடத்துக்கு. டெலிபோன் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் வீடு வீடாகப் போன் போட்டார்கள். செல்வநாயகியின் நம்பர் இருந்த பக்கம் ரோஹானா என்ற பெண்ணுக்கு வந்தது.

"வாழ்த்துகள் ஆன்ட்டி! உங்க நம்பர் குலுக்கல்ல வந்திருக்கு!" என்றாள் ரோஹானா மலாயில்.

"வேண்டாம்மா" என்றாள் செல்வநாயகி, பாசார் மலாயில்.

"பரவாயில்ல ஆன்ட்டி, முதல்ல கேளுங்க."

செல்வநாயகி கேட்டாள். கேட்பதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. ரோஹானா கடலைப் பற்றிச் சொன்னாள், நீச்சல் குளத்தைப் பற்றிச் சொன்னாள், காலைச் சாப்பாட்டில் எத்தனை வகை என்று சொன்னாள். கடைசியில் இருவரும் சும்மா இருந்தார்கள். மறுமுனை வைக்கட்டும் என்று இவள் காத்திருந்தாள். மறுமுனை ஏனோ வைக்கவில்லை. பிறகு ரோஹானா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு மாதத்தில் நாற்பத்திரண்டு முறை. வந்தது எல்லாவற்றையும் அவள் நோட்டில் எழுதினாள். அதே நான்கு கட்டம். 'எப்போது எடுக்கிறார்கள்' என்ற கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டாள். ரிசீவரை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம் என்று யாராவது சொல்லலாம். சாவுச் செய்தி வர வேண்டிய போனை எப்படி எடுத்து வைப்பது? மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் ரோஹானா.

அந்த மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கரையில் பாகான் டாலாமில் விநாசித்தம்பி காலமானார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் மனைவி நல்லம்மா எட்டேகால் மணிக்கு செல்வநாயகிக்குப் போன் போட்டாள். எங்கேஜ். எட்டரைக்குப் போட்டாள். எங்கேஜ். ஒன்பது, ஒன்பதேகால், ஒன்பதரை. வேறு நம்பர் எதுவும் அவள் வைத்திருக்கவில்லை. ஒரு போன் போதும் என்பதுதானே ஏற்பாடு. கடைசியில் மகனை அனுப்பினாள். அவன் ஃபெரி ஏறி, டாக்சி பிடித்து, சந்துக்குள் ஓடி வந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தான்.

செல்வநாயகி தையல் மெஷின் பக்கத்தில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோஹானா அன்று, "மேனேஜர் பேசுவார், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போனில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் வருவார், பேசுவார், வைப்பார் என்று இவள் நாற்பது நிமிடமாகக் காத்திருந்தாள். ஜன்னலில் ஆள் தெரிந்ததும், பழக்கதோஷத்தில், 'இரு' என்று ஒரு விரலைக் காட்டினாள்.

அந்த ஒரு விரல்தான் அவளைக் கெடுத்தது.

"அப்பா செத்துட்டாரு! நீங்க இங்க கதை பேசிக்கிட்டு இருக்கீங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில், அப்போதுதான் பாட்டை நிறுத்திப் பேச வந்த மறுமுனை பயந்து போனை வைத்தது.

மணி பத்து ஐந்து. பட்டியலை எடுத்து அவள் வெறி பிடித்தவள் போலப் போன் போட்டாள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், பெண்கள் பாசாருக்குப் போயிருந்தார்கள். ஒரு மணிக்கு உடலை எடுத்தார்கள். சங்கத்தை ஆரம்பித்தவருடைய பிணத்துக்குப் பின்னால் பதினொரு பேர் போனார்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டம். தலைவர் அப்புத்துரை தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று பிரதி எடுத்தால்தான் நம்புவார்.

"பிள்ளை, எங்கேஜ் எண்டா சரி, எல்லாருக்கும் வரும். ரெண்டு மணி நேரமா?" என்றார்.

செல்வநாயகி எழுந்து நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஹோட்டல்ல இருந்து போன் பண்ணுறாங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அப்புத்துரையின் மனைவி தவமணி முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தாள். "ஹோட்டல்ல இருந்தா? இவளுக்கா? ரெண்டு மணி நேரம் என்ன சொன்னாங்களாம், ரூம் சாவி ரெடின்னா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. சாவுக்கு வந்த பதினொரு பேரும் சிரித்தார்கள்.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருந்தவ, போன்ல இப்படியா? ஊமை மாதிரி இருக்கிறவங்களைத்தான் நம்பக் கூடாது லா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. செல்வநாயகி அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

பட்டியலைத் தியாகராஜா வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. தியாகராஜா வீட்டில் புது மாதிரி மெஷின் இருந்தது. ஆள் இல்லாவிட்டால் அதுவே பேசும், சொல்வதை டேப்பில் பிடித்து வைக்கும். சாவுச் செய்திக்கு அது வசதி என்றார் தியாகராஜா. அப்புத்துரை யோசித்தார். "மூண்டு மாதம் பார்ப்பம். பிள்ளை, நீ சொல்லுறது உண்மை எண்டா எழுத்தில கொண்டு வா. சீல் வச்சு" என்றார்.

சீல் வைத்த காகிதத்துக்காகச் செல்வநாயகி அலைந்தாள். டெலிபோன் அலுவலகத்தில், இவள் யாருக்குப் பேசினாள் என்று காட்ட முடியும், இவளுக்கு யார் பேசினார்கள் என்று காட்ட முடியாது என்றார்கள். போலீஸ் நிலையத்தில், "திட்டினாங்களா? மிரட்டினாங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல. ரொம்ப மரியாதையா பேசுறாங்க" என்றாள். மரியாதையாகப் பேசுவது குற்றமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ஜெயலெட்சுமி ரவிக்கை வாங்க வந்தபோது, அளவு சரி பார்க்கும் நேரத்தில், ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டே இவள் விஷயத்தைச் சொன்னாள்.

"கேஸ் போடுங்க லா, அக்கா. சின்னத் தொகை கேஸ் இருக்கு. லாயர் வேணாம். லாயர் வந்தாலும் உள்ள விடமாட்டாங்க."

"அப்ப யாரு பேசுறது?"

"நீங்கதான்."

செல்வநாயகி வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். ஒரு வாரம் தூங்கவில்லை. வாயாடி இல்லை என்று காட்டுவதற்கு, முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று பேச வேண்டும். இதைவிட வாயாடி என்ற பெயரே மேல் என்றுகூட ஓர் இரவு நினைத்தாள். காலையில் போன் அடித்தது. ரோஹானா. அன்றே கோர்ட் இருக்கும் லைட் வீதிக்குப் பஸ் ஏறினாள்.

பதிவுக் கவுன்டரில் இப்ராஹிம் என்ற கிளார்க், கேஸ் போடுவதற்கான பாரத்தை நிரப்பக் கொடுத்தார். பொறுமையான மனிதர். எல்லாப் பெண்களையும் 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். "புவான், எவ்வளவு நட்டம்னு எழுதணும்" என்றார்.

"காசு வேணாம். ஒரு கடுதாசி போதும்."

"தொகை இல்லாம இங்க கேஸ் இல்ல."

அவள் யோசித்து, பிணம் எடுத்த பிறகு விநாசித்தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஃபெரிச் செலவையும் வாங்கி வைத்துப் போட முடியாமல்போன மாலையின் விலையையும் எழுதினாள். இப்ராஹிம் படித்துவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளி இவளை ஒரு முறை பார்த்தார். பிறகு நான்கு பிரதியிலும் சீல் குத்தினார். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

விசாரணை நாளில் கிளப் சார்பில் டை கட்டிய மேனேஜர் வந்தார். அவர் பின்னால் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள். ஒல்லி, தலைத்துணி, தேய்ந்த குதிகால் செருப்பு. அந்தப் பெண் கதவருகே போலீஸ்காரரிடம், "எங்க உட்காரணும்?" என்று கேட்டாள். செல்வநாயகி திரும்பிப் பார்த்தாள். அந்தக் குரலை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். அத்தனை நாள் அந்தக் குரலுக்குக் கொழுத்த ஓர் உடம்பையும் லிப்ஸ்டிக்கையும் கொடுத்து வைத்திருந்தாள்.

ரோஹானா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஆன்ட்டி, நலமா?" என்றாள். எதிரியாக வந்தவளிடம் நலம் விசாரித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. பாரத்தைப் படித்தார், நோட்டைப் புரட்டினார். சாவுகளுக்கு நடுவே அத்தனை ஹாலிடே அழைப்புகள், ஒரே கையெழுத்தில்.

"புவான், போன் செய்வதைத் தடுக்கச் சட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாமே. ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டார்.

கேள்வி அதுதான். சங்கத்தில் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

செல்வநாயகி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். மீன் வாங்கும் மலாயில் பேசினாள். பைராம் தோட்டத்து மனிதர் வாய் வராமல் நின்றதைச் சொன்னாள். சாவு சொல்ல வருகிறவர்கள் முதலில் சும்மா இருப்பார்கள், பிறகு மழையைப் பற்றிப் பேசுவார்கள், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள், அதுவரை இந்தப் பக்கம் வைக்கக் கூடாது என்றாள். விநாசித்தம்பிக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள் என்றாள். அவள் உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் ஓடியிருந்தது. அவள் வாழ்நாளிலேயே அதுதான் நீளமான பேச்சு.

மாஜிஸ்திரேட் ரோஹானாவிடம் திரும்பினார். "நீ ஏன் வைக்கவில்லை?"

"முடியாது, புவான். வாடிக்கையாளர் வைக்கும் முன்னால நாங்க வைக்கக் கூடாது. வச்சா சம்பளத்துல பிடிப்பாங்க. இந்த ஆன்ட்டி வைக்கவே மாட்டாங்க. எனக்குத் தொண்டை கட்டிப்போகும். மேனேஜரைக் கூப்பிடுறேன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போவேன்."

"அன்றைக்கு இரண்டு மணி நேரமா?"

"அன்னிக்குச் சாப்பிடவும் போயிட்டேன், புவான்."

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக் குனிந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ரோஹானாவின் ஃபைலை வாங்கிப் பார்த்தார். கிளப்பும் நோட்டு வைத்திருந்தது. தேதி, மணி, யார். நான்காவது கட்டத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக ரோஹானா எழுதியிருந்தது: 'வாடிக்கையாளர் பேசுவதில்லை. கேட்கிறார். நல்ல வாய்ப்பு. மறுபடி அழைக்கவும்.'

மேனேஜர் சமரசத்துக்கு வந்தார். மூன்று நாள், இரண்டு இரவு, கடல் பார்த்த அறை, இலவசம் என்றார். "வேண்டாம்மா" என்ற பழக்கத்தில் செல்வநாயகி, "வேண்டாம்" என்றாள். அவர் ஃபெரிச் செலவையும் மாலைச் செலவையும் தருவதாகச் சொன்னார். இனி அந்த நம்பருக்குப் போன் போகாது என்று ஒத்துக்கொண்டார். செல்வநாயகி எழுந்து, அந்த நான்காவது கட்டத்தையும் தீர்ப்பில் எழுத வேண்டும் என்று கேட்டாள். மாஜிஸ்திரேட் எழுதினார். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டபடி, குறிப்பிட்ட நாளில் வாதி எதுவும் பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார். கீழே சீல்.

வெளியே வராந்தாவில் ரோஹானா, "ஆன்ட்டி, நாளையில இருந்து உங்களுக்குப் போன் பண்ண முடியாது" என்றாள், கொஞ்சம் வருத்தமாக. செல்வநாயகி பையில் இருந்த இருமல் மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் அப்புத்துரை அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், சீலை விரலால் தடவினார். பிறகு மலாயில் படித்து, தமிழில் சொன்னார். நல்லம்மா எழுந்து வந்து செல்வநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தியாகராஜாவின் மெஷின் பேச்சு அதோடு நின்றது. பெயர் துடைத்தாயிற்று.

பினாங்கில் போன் போட்டு விற்கிறவர்கள் மெர்பாத்தியோடு முடிந்துவிடவில்லை. முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. கேஸ் போட்டு ஜெயித்தவள் நம்மிடம் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும், ஒவ்வொருவராக செல்வநாயகியைக் கூப்பிட்டார்கள். பாரம் எங்கே கிடைக்கும், என்ன எழுத வேண்டும், கோர்ட்டில் எப்படி நிற்க வேண்டும். அவள் கேட்டாள், தெரிந்ததைச் சொன்னாள். மறுமுனை வைக்கும்வரை வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அப்புத்துரையின் கார் சந்துக்குள் வந்து நின்றது. மனிதர் வியர்த்துப்போய் இறங்கினார். நிபோங் திபாலில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். மருமகன் ஒரு மணி நேரமாகப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவரைத் தேடிப் பிடித்திருக்கிறான். இவரும் அங்கிருந்து செல்வநாயகிக்குப் போட்டார், எங்கேஜ். தன் வீட்டுக்குப் போட்டார், அதுவும் எங்கேஜ். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

"பிள்ளை! திரும்பவும் ஒரு மணித்தியாலமா எங்கேஜ்! இப்ப எந்த ஹோட்டல்?" என்று வாசலிலேயே கத்தினார்.

செல்வநாயகி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, அவர் பக்கம் நீட்டினாள். அறை முழுக்கக் கேட்டது தவமணியின் குரல். "…தண்ணி ஃபில்டர்காரன் விடமாட்டேங்கிறான்டி, நான் என்ன சொன்னேன்னா, அதுக்கு அவன் என்ன சொன்னான்னா…"

அப்புத்துரை வாயை மூடிக்கொண்டார். வீட்டிலும் அவருக்கு அந்தக் குரல் வரும்போது அதுதான் வழக்கம்.

செல்வநாயகி நோட்டைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினாள். யார், எப்போது எடுக்கிறார்கள் என்ற கட்டங்களை அவர் எழுதி நிரப்பினார். மூன்று மணிக்கு. அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். விநாசித்தம்பியின் பதினொரு பேரை நினைத்தாள். தவமணி மூச்சு வாங்க நிறுத்துவாள் என்று கொஞ்சம் காத்திருந்தாள். அவள் நிறுத்துகிறவளாகத் தெரியவில்லை.

"தவமணி அக்கா, நான் வைக்கிறேன்" என்று சொல்லி, வைத்தாள்.

நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து வீட்டுக்குச் சொல்லி முடித்தாள். தவமணிக்கு மட்டும் இரண்டு முறை போட்டும் அவள் எடுக்கவில்லை. அன்று நிபோங் திபாலில் கார் நிறுத்த இடமில்லாமல் சாலை வரைக்கும் நின்றது. தாமதமாக வந்த தவமணி பிணத்துக்கு அருகிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்: "பேசிக்கிட்டு இருக்கும்போதே டக்குன்னு வச்சிட்டா! என் வயசு என்ன, இவ வயசு என்ன? கோர்ட்டுப் படி ஏறினதுல இருந்து ராங்கி தலைக்கு ஏறிடுச்சு லா."

எட்டாம் நாள் சடங்குக்குள் அது முப்பத்தேழு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை.

ஜெயலெட்சுமி அடுத்த ரவிக்கைக்கு வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்ன வாயாடின்னாங்க, இப்ப ராங்கிக்காரியா? அக்கா, இதுக்கும் ஒரு கேஸ் போட்டுடலாமா?"

செல்வநாயகி நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, நோட்டை எடுத்தாள். அந்த வியாழக்கிழமைக்கு நேராக ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தாள். தேதி போட்டாள், மணி போட்டாள், தவமணி அக்கா என்று எழுதினாள். கோடு போட வேண்டிய நான்காவது கட்டத்தில், கொஞ்சம் யோசித்து, 'முதலில் வைத்தது நான்' என்று எழுதினாள்.